ஸ்பிரிங்கை இறுக்கினால் ஆம்ப்ஸ் ஏறுமா? வெல்டிங் ஜெனரேட்டர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் வெல்டிங் ஜெனரேட்டர் பற்றியவை மட்டும் தனியாக ஒரு கட்டு சேர்ந்துவிட்டது. எல்லாமே சுற்றிச் சுற்றி இன்ஜின் வேகத்தில்தான் வந்து நிற்கின்றன. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இதையே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என்னிடம் 9 ஹெச்பி பெட்ரோல் இன்ஜின் வைத்த வெல்டிங் ஜெனரேட்டர் இருக்கிறது, 50 ஹெர்ட்ஸ், 3,000 ஆர்பிஎம். 3.15 மி.மீ. ராடு சுகமாக ஓடுகிறது. 4 மி.மீ. ராடு போட்டு 160 ஆம்ப்ஸ் வைத்தால் இன்ஜின் அமுங்குகிறது, ஆர்க் மங்கி ராடு ஒட்டிக்கொள்கிறது. கவர்னர் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்கி வேகத்தைக் கூட்டினால் பவர் கிடைக்கும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஆனால் நண்பர் சொன்னதில் பாதி உண்மை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இன்ஜினின் பவர் என்பது அதன் டார்க்கையும் (தண்டைச் சுழற்றும் முறுக்கு விசை) வேகத்தையும் பெருக்கி வருவது. நியூட்டன் மீட்டரில் உள்ள டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9,550-ஆல் வகுத்தால் கிலோவாட். உதாரணத்துக்கு, பல வெல்டிங் ஜெனரேட்டர்களில் பார்க்கக்கூடிய 389 சிசி ஹோண்டா ஜிஎக்ஸ் 390 இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டார்க் உச்சத்தில் இருப்பது 2,500 ஆர்பிஎம்மில், 26.5 நியூட்டன் மீட்டர். கணக்குப் போட்டால் சுமார் 6.9 கிலோவாட். அதே இன்ஜின் 3,600-இல் 8.7 கிலோவாட் தருகிறது, அங்கே டார்க் 23-க்கு இறங்கிவிட்டது. டார்க் குறைந்தும் பவர் கூடியிருக்கிறது, காரணம் வேகம். ஆக வேகம் ஏறினால் பவர் ஏறும் என்பது இன்ஜினைத் தனியாக மேஜையில் வைத்துப் பார்த்தால் சரிதான்.

உங்கள் இன்ஜின் தனியாக இல்லையே, அதன் தண்டில் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு போல் (காந்த முனை) கொண்ட ஆல்டர்னேட்டர் 3,000 சுற்றினால் 50 ஹெர்ட்ஸ், 3,600 சுற்றினால் 60 ஹெர்ட்ஸ். அதனால் வேகத்தை ஓர் இடத்தில் பிடித்துவைப்பதுதான் கவர்னரின் வேலை, பவரைக் கூட்டிக் குறைப்பது த்ராட்டிலின் வேலை. ராடு தகட்டைத் தொட்டதும் ஆல்டர்னேட்டர் கனக்கிறது, வேகம் ஒரு துளி இறங்குகிறது, கவர்னர் அதைப் பார்த்து த்ராட்டிலைத் திறக்கிறது, கூடுதலாகக் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகின்றன, இன்ஜின் கிட்டத்தட்ட அதே வேகத்தில் அதிக டார்க்கோடு சுற்றுகிறது. சுமையில்லாமல் 3,150 போல ஓடும் மெஷின் முழுச் சுமையில் 3,000-க்கு வந்து நிற்பது கோளாறல்ல, சாதாரண கவர்னர் அப்படித்தான் வேலை செய்யும்.

இப்போது உங்கள் 4 மி.மீ. ராடுக்கு வருவோம். ஸ்டிக் வெல்டிங்கில் ஆர்க் வோல்டேஜைக் கணக்கிட ஒரு வழக்கமான சூத்திரம் உண்டு: 20 வோல்ட், அதோடு ஆம்ப்ஸில் 0.04 பங்கு. 160 ஆம்ப்ஸுக்கு 26.4 வோல்ட் வருகிறது, பெருக்கினால் ஆர்க்கில் மட்டும் 4.2 கிலோவாட். ஆல்டர்னேட்டரிலும், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரிலும், கேபிளிலும் சூடாகக் கரைவதைச் சேர்த்தால் இன்ஜின் ஆறு கிலோவாட்டுக்கு மேல் தள்ள வேண்டியிருக்கும். 9 ஹெச்பி என்பது 6.7 கிலோவாட், அதுவும் பெரும்பாலும் 3,600-இல் அளந்த கணக்கு. 3,000-இல் அதைவிடக் குறைவு. 3.15 ராடு 110 ஆம்ப்ஸில் ஆர்க்கில் கேட்பது 2.7 கிலோவாட்தான், அதனால் அது சுகமாக ஓடியது. 4 மி.மீ. ராடில் இன்ஜின் தன் எல்லையில் நிற்கிறது. இடமே இல்லை.

ஸ்பிரிங்கைத் தொடும் முன் ஒன்று செய்யுங்கள். நீங்கள் 4 மி.மீ. ராடை ஓட்டும்போது இன்னொருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, கார்புரேட்டரின் மேல் இருக்கும் த்ராட்டில் கையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்க் பிடித்த நொடியில் அந்தக் கை நகர்ந்து ஸ்டாப்பரில் போய் இடித்து நின்றுவிட்டது, அப்படியும் வேகம் இறங்கிக்கொண்டே போகிறது என்றால், கவர்னர் தன்னிடம் இருந்த அத்தனையும் கொடுத்துவிட்டது என்று பொருள். அதற்குமேல் ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் முழுக்கத் திறந்த கதவை இன்னும் திறக்க முடியாது. அப்போது பார்க்க வேண்டியது ஏர் ஃபில்டர், பிளக், கார்புரேட்டரின் மெயின் ஜெட், வால்வு இடைவெளி. எல்லாம் சரியென்றால் மெஷினின் அளவு அவ்வளவுதான், 140 ஆம்ப்ஸுக்கு இறங்குங்கள். மாறாக, வேகம் இறங்கியும் த்ராட்டில் கை பாதியிலேயே நிற்கிறது என்றால் கோளாறு கவர்னர் பக்கம். லிங்க் கம்பி வளைந்திருக்கலாம், தண்டோடு கையை இறுக்கும் போல்ட் தளர்ந்திருக்கலாம், ஸ்பிரிங் தவறான துளையில் மாட்டியிருக்கலாம். அதை கம்பெனி சொன்ன அளவுக்குச் சரிசெய்யலாம், சரிசெய்யவும் வேண்டும்.

சரி, அப்படியும் இறுக்கிவிட்டால் என்ன ஆகும்? சுமையில்லாதபோது வேகம் 3,500-க்குப் போகும், சாக்கெட்டில் 58 ஹெர்ட்ஸ் வரும். ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் காந்தப்புலத்தையும் வேகத்தையும் பொறுத்தது என்பதால் அதுவும் கூடவே ஏறும். கெப்பாசிட்டர் வைத்த சாதாரண ரகங்களில் வேகத்தோடு காந்தப்புலமும் சேர்ந்து ஏறுவதால் வோல்டேஜ் இன்னும் வேகமாக ஏறும். பாதிக்கப்படுவது உங்கள் ராடு அல்ல, பக்கத்து சாக்கெட்டில் சொருகியிருக்கும் பல்பும் சார்ஜரும். இன்ஜினுக்குள்ளே பிஸ்டனும் கனெக்டிங் ராடும் தாங்கும் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது: 3,000-இலிருந்து 3,600-க்குப் போனால் வேகம் 1.2 மடங்கு, விசை 1.44 மடங்கு. 3,600-க்கு என்றே செய்த இன்ஜினுக்கு அது பரவாயில்லை. அந்த வேகத்தையும் தாண்டி ஓட்டி கனெக்டிங் ராடு உடைந்தால் அது கிரான்க் கேஸைப் பிளந்துகொண்டுதான் வெளியே வரும்.

கேள்வி: டேக்கோமீட்டர் இல்லாமல் இன்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் ஓடுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? காதால் கேட்டே சொல்லிவிடுவேன் என்கிறார் எங்கள் மேஸ்திரி.

பதில்: மேஸ்திரியின் காதை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் 3,000-க்கும் 3,200-க்கும் உள்ள வித்தியாசம் சைலன்சர் இரைச்சலில் தெரியாது. ஹெர்ட்ஸ் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டர் இருந்தால் போதும். மெயின்ஸ் வோல்டேஜில் ஹெர்ட்ஸ் அளக்கத் தாங்குகிற மீட்டர்தானா என்று மட்டும் முதலில் பாருங்கள். மெஷினின் ஏசி சாக்கெட்டில் சொருகுங்கள். இரண்டு போல் என்றால் வரும் எண்ணை 60-ஆல் பெருக்குங்கள், நான்கு போல் என்றால் 30-ஆல். 52 ஹெர்ட்ஸ் காட்டினால் இரண்டு போல் மெஷின் 3,120-இல் ஓடுகிறது.

சுமையில்லாமல் ஒரு முறை, ஒரு ஹீட்டரையோ ஹேலஜன் விளக்கையோ போட்டுச் சுமையோடு ஒரு முறை என இரண்டு தடவை அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் விஷயம். 52-இல் தொடங்கி 50-இல் நின்றால் ஆரோக்கியமான மெஷின். 52-இல் தொடங்கி 45-க்கு விழுகிறதென்றால் முதல் பதிலில் சொன்ன த்ராட்டில் சோதனைக்குப் போங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை, இன்வெர்ட்டர் ரகத்தில் இந்த வித்தை செல்லாது. இன்ஜின் எந்த வேகத்தில் ஓடினாலும் எலக்ட்ரானிக்ஸ் 50 ஹெர்ட்ஸைத்தான் காட்டும்.

கேள்வி: எங்கள் மெஷினில் ஆட்டோ ஐடில் சுவிட்ச் இருக்கிறது. வெல்டிங்கை நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் இன்ஜின் தானாக அமைதியாகிவிடுகிறது, பெட்ரோல் மிச்சம். ஆனால் அந்த நேரத்தில் எல்இடி விளக்கு மினுக்குகிறது, சின்ன டேபிள் ஃபேன் முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றுகிறது. விளக்கைப் போட்டாலும் இன்ஜின் வேகமெடுப்பதில்லை. கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, ஆனால் ஃபேனை உடனே கழற்றுங்கள்.

ஆட்டோ ஐடில் என்பது கரன்ட் ஓடுகிறதா என்று பார்க்கும் ஒரு சென்சாரும் த்ராட்டிலை இழுத்துப் பிடிக்கும் ஒரு சோலனாய்டும்தான். ஆர்க் பிடித்தால் சோலனாய்டு விட்டுவிடும், கவர்னர் முழு வேகத்துக்குக் கொண்டுபோகும். ஆர்க் நின்று பத்துப் பதினைந்து நொடி எதுவும் நடக்கவில்லையென்றால் மறுபடி இழுத்துப் பிடிக்கும். உங்கள் எல்இடி விளக்கு எடுக்கும் கரன்ட் அந்தச் சென்சார் கண்ணில் படாத அளவுக்குச் சின்னது. அதனால்தான் இன்ஜின் எழுந்திருக்கவில்லை.

ஐடிலில் ஓடும்போது வேகம் 2,200 என்று வைத்தால் ஹெர்ட்ஸ் 36 சொச்சம். வோல்டேஜும் கூடவே இறங்கியிருக்கும். இன்டக்‌ஷன் மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் இரண்டுக்கும் வோல்டேஜ் மட்டும் இறங்கினாலும் கஷ்டம், ஹெர்ட்ஸ் மட்டும் இறங்கினாலும் கஷ்டம். ஹெர்ட்ஸ் இறங்கி வோல்டேஜ் இறங்காமல் நின்றால் இரும்புக் கோர் திணறி, கரன்ட் எகிறி, சுற்று வெந்துவிடும். குறைந்த ஹெர்ட்ஸைப் பார்த்து வோல்டேஜைத் தானே இறக்கத் தெரியாத ஏவிஆர் (வோல்டேஜைச் சீராக வைக்கும் கருவி) இருந்தால், அது ஐடிலிலும் வோல்டேஜைப் பிடித்து நிறுத்தப் பார்த்து ரோட்டர் சுற்றுக்குக் கரன்ட்டை அள்ளிக் கொட்டும், அது தனிக் கதை. பொதுவாகச் சொன்னால், சாக்கெட்டில் எது சொருகியிருந்தாலும் சுவிட்சை ஹை பக்கம் தள்ளிவிடுங்கள். வெல்டிங் மட்டும், அதுவும் விட்டு விட்டு, நடக்கும்போது ஆட்டோவில் போடுங்கள், அதற்காகத்தான் அது இருக்கிறது.

டீசல் மெஷின் வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணிக்கணக்கில் ஐடிலிலேயே ஓடவிட்டால் எரியாத டீசல் புகைக்குழாயில் கருப்புப் பிசினாகச் சேரும். அவ்வப்போது நல்ல சுமை கொடுங்கள், இல்லாவிட்டால் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: நான் வெல்டு செய்துகொண்டிருக்கும்போது உதவியாளர் அதே மெஷினில் கிரைண்டரை ஆன் செய்தால் ஆர்க் ஒரு கணம் சுருங்குகிறது. ஏன்?

பதில்: ஒரே இன்ஜின், ஒரே தண்டு, இருவரும் பங்கு போடுகிறீர்கள். வெல்டிங் ஆம்ப்ஸ் ஏற ஏற சாக்கெட்டுக்கு மிஞ்சுவது குறையும். மெஷினோடு வந்த புத்தகத்தில் இதற்கென்றே ஓர் அட்டவணை இருக்கும், பலர் அதைப் புரட்டுவதே இல்லை. கிரைண்டர் சுற்றத் தொடங்கும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு கரன்ட் இழுக்கும். கவர்னர் அதைக் கவனித்துத் த்ராட்டிலைத் திறந்து இன்ஜின் மீள்வதற்குள் வேகம் இறங்கிவிடும், கூடவே வோல்டேஜும். அந்தக் கணம்தான் உங்கள் ஆர்க் சுருங்குவது. கிரைண்டரை முதலில் ஓடவிட்டு அப்புறம் ஆர்க் பிடியுங்கள். கம்ப்ரசர் போன்ற இன்டக்‌ஷன் மோட்டார் என்றால் வெல்டிங் நடக்கும்போது ஆன் செய்யவே வேண்டாம், அவை தொடங்கும்போது ஐந்து முதல் ஏழு மடங்கு வரை இழுக்கும்.

கேள்வி: பழைய மெஷின் ஒன்று கிடைக்கிறது, பிளேட்டில் 60 ஹெர்ட்ஸ், 3,600 ஆர்பிஎம் என்று இருக்கிறது. நாங்கள் பயன்படுத்துவதெல்லாம் 50 ஹெர்ட்ஸ் சாமான்கள். 3,000-க்கு இறக்கி ஓட்டலாமா?

பதில்: எதற்கு வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டிசி வெல்டிங்குக்கு மட்டும் என்றால் 3,600-இலேயே விட்டுவிடுங்கள். ஆல்டர்னேட்டரிலிருந்து வருவதை ரெக்டிஃபையர் டிசியாக்கித்தான் ராடுக்கு அனுப்புகிறது, ஆர்க்குக்கு ஹெர்ட்ஸ் என்ன என்று தெரியவே தெரியாது. கார்பன் பிரஷ் வைத்த கிரைண்டர், டிரில் போன்றவையும் 60 ஹெர்ட்ஸில் ஓடும், வோல்டேஜ் பொருந்தினால் சரி. பம்ப்பை மட்டும் மாட்டாதீர்கள். 50 ஹெர்ட்ஸ் மோட்டார் 60-இல் 20 சதவீதம் வேகமாகச் சுற்றும், சென்ட்ரிஃபியூகல் பம்ப் கேட்கும் பவர் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுவதால் 70 சதவீதத்துக்கு மேல் கூடுதல் சுமை. மோட்டார் தாங்காது.

3,000-க்கு இறக்கினால் நீங்கள் இழப்பது மூன்று. இன்ஜின் பவர் குறையும். ஆல்டர்னேட்டர் வோல்டேஜ் ஆறில் ஐந்து பங்காகும், அதாவது 240 என்றிருந்தது 200. மூன்றாவதுதான் பலரும் மறப்பது, குளிர்விக்கும் விசிறியும் அதே தண்டில்தான் இருக்கிறது, காற்றும் ஆறில் ஐந்து பங்காகிவிடும். குறைந்த வோல்டேஜை ஈடுகட்ட எக்ஸைட்டேஷனை (காந்தப்புலத்தை உண்டாக்கும் கரன்ட்டை) கூட்டினீர்கள் என்றால் சூடு ஒரு பக்கம் ஏற, காற்று மறுபக்கம் குறையும். 50 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 50 ஹெர்ட்ஸ் மெஷினையே தேடுங்கள்.

கேள்வி: 1,500 ஆர்பிஎம் டீசல் வாங்கலாமா, 3,000 ஆர்பிஎம் பெட்ரோல் வாங்கலாமா? வேகம் பாதிதானே, பவரும் பாதிதானா?

பதில்: பாதியில்லை. பிளேட்டில் போட்டிருக்கும் கிலோவாட்தான் பவர். அதே பவரைப் பாதி வேகத்தில் தர இரண்டு மடங்கு டார்க் வேண்டும், அதற்குப் பெரிய சிலிண்டரும் கனமான பிளைவீலும் நான்கு போல் ஆல்டர்னேட்டரும் வேண்டும். அதனால் எடை. பதிலுக்குச் சத்தம் குறைவு, தேய்மானம் குறைவு, கனமான பிளைவீல் இருப்பதால் ஆர்க் பிடிக்கும்போது வேகம் சட்டென்று விழாது. ஒரே இடத்தில் நிறுத்தி நாள் முழுக்க அடிப்பவர் டீசலுக்குப் போகலாம். இரண்டு பேர் தூக்கி மாடிக்கு ஏற்ற வேண்டுமென்றால் அந்தக் கேள்வியே எழாது.

கேள்வி: எங்கள் பெரியவர் ஒருவர் பைப்லைன் வேலையில் இருந்தவர். அந்தக் காலத்தில் இன்ஜின் வேகத்தை இறக்கித்தான் ஆர்க்கை மெதுவாக்குவோம் என்கிறார். நீங்கள் வேகத்தைத் தொடாதே என்கிறீர்களே?

பதில்: பெரியவர் சொல்வது சரி. அவர் ஓட்டியது கம்யூட்டேட்டர் (சுற்றும்போதே டிசியாக்கித் தரும் பாகம்) வைத்த டிசி ஜெனரேட்டர். அதில் ஹெர்ட்ஸ் என்ற பேச்சே வெல்டிங் பக்கம் கிடையாது. வேகத்தைக் கொஞ்சம் இறக்கினால் வோல்டேஜ் இறங்கும், ஆர்க் மிருதுவாகும், ரூட் பாஸ் (இணைப்பின் அடியில் போடும் முதல் அடுக்கு) போடும்போது கை சொன்னபடி கேட்கும். இன்றைய மெஷினில் அந்த வேலையை டயலோ ஆர்க் கன்ட்ரோலோ செய்துவிடுகிறது. இன்ஜினைத் தொடாமலே எக்ஸைட்டேஷனோ எலக்ட்ரானிக்ஸோ மாறுகிறது. அவரோடு ஒருநாள் உட்கார்ந்து பேசுங்கள், பைப்பில் ஆர்க் பிடித்தவர்கள் கையில் இருக்கும் சங்கதி எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கேள்வி: புது இன்வெர்ட்டர் வெல்டிங் ஜெனரேட்டர் வாங்கினேன். சின்ன ராடுக்கு மெதுவாகவும் பெரிய ராடுக்கு வேகமாகவும் தானாக ஓடுகிறது. கவர்னர் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை, அதைத்தான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். அதில் ஆல்டர்னேட்டர் தருவதை முதலில் டிசியாக்கி, பிறகு வெல்டிங்குக்கும் சாக்கெட்டுக்கும் வேண்டியபடி எலக்ட்ரானிக்ஸ் வெட்டிக் கொடுக்கிறது. வேகத்துக்கும் ஹெர்ட்ஸுக்கும் தொடர்பே இல்லாததால் தேவையான பவருக்கு எவ்வளவு வேகம் போதுமோ அவ்வளவுதான் ஓடும். ஆனால் இங்கும் முழு ஆம்ப்ஸ் வேண்டுமென்றால் முழு வேகம் வேண்டும், டார்க் பெருக்கல் வேகம் என்ற கணக்கிலிருந்து எந்த எலக்ட்ரானிக்ஸும் தப்பிக்க முடியாது.

கேள்வி: சுமையே இல்லாதபோது எங்கள் இன்ஜின் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓடுகிறது. வெல்டு செய்யத் தொடங்கினால் சரியாகிவிடுகிறது. மலைமேல் வேலை, சமவெளியில் இருந்த பவரும் இல்லை. இரண்டுக்கும் வேகத்தைக் கூட்டிப் பார்க்கலாமா?

பதில்: இரண்டும் வேறு வேறு. ஏறி இறங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் பெட்ரோல் போதாமை. ஏறி இறங்கும்போது சோக்கை மெல்ல, கால்வாசி மூடிப் பாருங்கள். இன்ஜின் அடங்கி ஒரே சீராக ஓடினால் கார்புரேட்டரின் பைலட் ஜெட்டில் அடைப்பு, கழற்றிச் சுத்தம் செய்தால் போகும். பல மாதம் டேங்கில் கிடந்த பெட்ரோல்தான் வழக்கமான குற்றவாளி. சுமை ஏறினால் மெயின் ஜெட் வேலைக்கு வந்துவிடுவதால் நோய் மறைந்துவிடுகிறது. சோக்கை மூடியும் அடங்கவில்லையென்றால் கவர்னர் லிங்க்கில் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள்.

மலையில் பவர் குறைவதற்கு மெஷின் பொறுப்பில்லை. டர்போ இல்லாத இன்ஜின் 1,000 மீட்டர் ஏறினால் சுமார் பத்து சதவீதம் பவர் இழக்கும், காற்று மெலிந்துவிட்டது, அவ்வளவுதான். வெயில் கூடினாலும் இன்னும் கொஞ்சம் இறங்கும். மிக உயரத்தில் காற்றுக்கு மேல் பெட்ரோல் அதிகமாகிக் கருப்புப் புகை வந்தால், அந்த உயரத்துக்கான ஜெட்டை மாற்றலாம். அதனால் எரிவது ஒழுங்காகும், போன காற்று திரும்பி வராது. கீழே 160 ஆம்ப்ஸில் ஓட்டிய இடத்தில் மேலே 140-க்குக் கீழே வைத்துத் திட்டமிடுங்கள், தேவைப்பட்டால் ஒரு பாஸ் கூடுதலாகப் போடுங்கள். குளிர் என்று மெஷினைக் கொட்டகைக்குள் இழுத்துவைத்து ஓட்டாதீர்கள், புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. கேபிளை நீளமாக எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் தடிமனான கேபிளாகவும் இருக்கட்டும், இருக்கும் வோல்டேஜை வழியிலேயே தொலைக்க வேண்டாம்.